தமிழ் வாக்கியத்துக்கு வகை எழுதுவது எப்படி: லாம்பெக் முறையில் முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘வகை’ கொடுத்து, அந்த வகைகள் சேர்ந்து வாக்கியம் ஆகுமா என்பதை லாஜிக் நிரூபணம் போலச் சோதிப்பதுதான் கணிதவியலாளர் லாம்பெக் உருவாக்கிய முறை. மதுரையில் அதைப் பழகும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் ஒரு பக்கம் எம்.சி.ஏ. மாணவர்கள், மறுபக்கம் தமிழ் எம்.ஏ. மாணவர்கள். முதல் கூட்டத்துக்கு லாஜிக் தெரியும், வேற்றுமை மறந்துவிட்டது. இரண்டாவது கூட்டத்துக்கு வேற்றுமை தலைகீழ்ப் பாடம், நிரூபணம் என்றால் பயம். ஆனால் இரண்டு கூட்டமும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: சொல்வரிசை. தமிழில் சொற்கள் இடம் மாறும் என்று கண்டவுடனே, எதையும் எங்கேயும் இடம் மாற்றலாம் என்ற பரிமாற்று விதியை மொத்தமாகத் திறந்துவிடுகிறார்கள். அப்புறம் எதைக் கொடுத்தாலும் ‘வாக்கியம்தான்’ என்று பதில் வருகிறது.

தமிழில் இடம் மாறும் உரிமை வாக்கியத்துக்குப் பொதுவானது அல்ல, வேற்றுமை உருபு கொடுப்பது. அதை அகராதியில் உருபின் வகையிலேயே எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். அந்த இடத்துக்குப் போகும் பாதைதான் கீழே இருக்கிறது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக, எட்டாவது படிக்கு முன்னால் பரிமாற்றம் போன்ற கட்டமைப்பு விதி எதையும் தொட வேண்டாம்.

1. முன்கூட்டியே வேண்டியவை

எட்டு வேற்றுமையும் அவற்றின் உருபுகளும் தெரிந்திருக்க வேண்டும். பெயரெச்சம், வினையெச்சம் இரண்டையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்ல வேண்டும். லாஜிக் பக்கம், ‘அ இருந்தால் ஆ’ என்பதும் ‘அ’ என்பதும் கையில் இருந்தால் ‘ஆ’ கிடைக்கும் என்ற அளவு போதும்.

ஏ4 தாளைப் படுக்கவைத்து எழுதுங்கள். நிரூபணம் அகலமாகப் போகும். நிமிர்ந்த தாளில் எழுதினால் மூன்றாவது வரியிலேயே மடக்கி எழுத வேண்டிவரும், எந்த வகை எந்தச் சொல்லுக்கு என்பது குழம்பும். கம்ப்யூட்டர் கடைசிப் படிவரை வேண்டாம்.

2. முதலில் வாக்கியங்கள், பிறகுதான் வகைகள்

வகையை முதலில் யோசித்துவிட்டு அதற்கேற்ற வாக்கியம் தேடினால் எல்லாமே சரியாக வருவது போலத் தோன்றும். அதனால் தாளில் மூன்று பத்தி போடுங்கள்: சரி, தவறு, சந்தேகம்.

சரி என்ற பத்தியில்:
மீனா பூவை வாங்கினாள்.
பூவை மீனா வாங்கினாள்.
மீனா பூ வாங்கினாள்.
பூவை வாங்கினாள்.
மீனாவுக்கு ஜிகர்தண்டா பிடிக்கும்.
மீனா வாங்கிய பூ வாடியது.
மீனா பூவை வாங்கி வீட்டுக்குப் போனாள்.

தவறு என்ற பத்தியில்:
மீனா பூவை வாங்கினான்.
மீனாவைப் பூ வாங்கினாள்.
மீனா பூவைப் பழத்தை வாங்கினாள்.

சந்தேகம் என்ற பத்தியில் ‘பூ மீனா வாங்கினாள்’. ‘பூ மீனா வாங்குனா, பழம் நான் வாங்குனேன்’ என்று அழுத்திச் சொன்னால் காதுக்கு ஒத்துப்போகிறது. அழுத்தம் இல்லாமல் சொன்னால் ஒத்துப்போகவில்லை. இப்படிப்பட்டதை வலுக்கட்டாயமாக ஒரு பக்கம் தள்ளாதீர்கள்.

தவறான வாக்கியங்கள் இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். தவறு என்ற பத்தி காலியாக இருந்தால் உங்கள் இலக்கணம் எதையுமே தடுக்கவில்லை என்பது கடைசிவரை தெரியாது.

பேச்சு மொழியையும் எழுத்து மொழியையும் ஒரே தாளில் கலக்க வேண்டாம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் காதில் விழும் ‘வாங்குனா’ என்ற ஒரு சொல், ‘வாங்கினாள்’ ஆகவும் இருக்கலாம், ‘வாங்கினால்’ ஆகவும் இருக்கலாம். முதலாவது வாக்கியத்தை முடிக்கும். இரண்டாவது இன்னொரு வாக்கியத்துக்காகக் காத்திருக்கும். இரண்டுக்கும் ஒரே வகை கொடுத்தால் மொத்தமும் கெடும். பழகும்வரை எழுத்து மொழியிலேயே இருங்கள்.

3. சொல்லை எங்கே வெட்டுவது

இரண்டு வழி உண்டு. ‘பூவை’ என்பதை ஒரே சொல்லாக வைத்து ஒரு வகை கொடுக்கலாம். அல்லது பூ, ஐ என்று வெட்டித் தனித்தனி வகை கொடுக்கலாம். நான் வெட்டச் சொல்வேன். உருபுதான் இடம் மாறும் உரிமையைத் தருகிறது என்றால், அந்த உருபு அகராதியில் தனி வரியாக நிற்க வேண்டும் அல்லவா?

வினையையும் வெட்டுங்கள்: வாங்கின் என்பது ஒன்று, ஆள் என்ற விகுதி ஒன்று. வாங்கிய என்பதில் அ என்ற பெயரெச்ச விகுதி ஒன்று.

வெட்டும் முன் சந்தி எழுத்தை எடுத்துவிடுங்கள். ‘வீட்டுக்குப் போனாள்’ என்பதில் உள்ள ‘ப்’ எந்தச் சொல்லுக்கும் சொந்தமில்லை. அதற்கு வகை தேடி அரை மணி நேரம் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பூவை என்பதில் உள்ள ‘வ்’ உடம்படுமெய், அதுவும் போகட்டும். இந்த வெட்டும் வேலையைக் கையால் செய்யுங்கள். எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் நிரல், ‘வை’ என்பதை வ என்றும் ஐகாரக் குறி என்றும் உடைக்கும். அந்த வெட்டு இலக்கணத்துக்கு உதவாது.

4. அடிப்படை வகைகள் குறைவாக இருக்கட்டும்

இவ்வளவு போதும்:
பெ: பெயர்
செ: ஐ உருபு ஏற்ற பெயர்
கு: கு உருபு ஏற்ற பெயர்
வி: விகுதி சேராத வினைத்தொடர்
வா: முடிந்த வாக்கியம்

எழுவாய்க்குத் தனி வகை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் வேற்றுமைக்கு உருபு கிடையாது. தனி வகை வைத்தால், பெ என்பதை எழுவாயாக மாற்ற ஒரு வெற்று உருபு வேண்டும், அதாவது கண்ணுக்குத் தெரியாத சொல். லாம்பெக் முறையில் சொல்லே இல்லாத இடத்திலிருந்து எதையும் நிரூபிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. அதை மீறுவதைவிட, வினையே எழுவாயாகப் பெ என்பதை நேராகக் கேட்கட்டும்.

புதிதாக வருகிறவர்கள் எட்டு வேற்றுமைக்கும் முதல் நாளே எட்டு வகை எழுதுவார்கள். வேண்டாம். பட்டியலில் உள்ள வாக்கியம் கேட்டால் மட்டும் சேருங்கள்.

5. சாய்கோடு: எது கேட்பது, எது கொடுப்பது

அ\ஆ என்றால்: இடப்பக்கம் ஓர் ‘அ’ கொடு, ‘ஆ’ தருகிறேன்.
ஆ/அ என்றால்: வலப்பக்கம் ஓர் ‘அ’ கொடு, ‘ஆ’ தருகிறேன்.

நினைவில் வைக்க எளிய வழி: சாய்கோட்டின் அடியில் இருப்பதுதான் கேட்கப்படும் பொருள். தமிழ் வினை கடைசியில் நிற்பதால் அநேகமாக எல்லாம் இடப்பக்கம்தான் கேட்கும். பெயரடை போன்ற சில மட்டும் வலப்பக்கம் கேட்கும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. வகை இலக்கணத்தில் ஸ்டீட்மேன் என்ற ஆய்வாளரின் வழியில் எழுதுகிறவர்கள், கிடைக்கப்போகும் வகையை எப்போதும் இடப்பக்கம் எழுதுவார்கள். நாம் செ\(பெ\வா) என்று எழுதுவதை அவர்கள் (வா\பெ)\செ என்று எழுதுவார்கள். பைத்தானில் மொழியை அலசும் என்.எல்.டி.கே. நிரல் தொகுப்பில் உள்ள வகை இலக்கணப் பகுதியும் அந்த வழியில்தான் இருக்கிறது. இரண்டு இடத்திலிருந்தும் எடுத்துப் படிப்பவர் தாளின் தலையில் ‘இது லாம்பெக் குறியீடு’ என்று எழுதிவைக்காவிட்டால், அடுத்த வாரம் தன் தாளே தனக்குப் புரியாது.

6. வகை அகராதி

இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் வகை எழுதலாம்.

மீனா, பூ, பாண்டி: பெ
சின்ன: பெ/பெ
ஐ: பெ\செ
உக்கு: பெ\கு
வாங்கின்: செ\(பெ\வி)
போன்: கு\(பெ\வி)
ஆள்: (பெ\வி)\(பெ\வா)
பிடிக்கும்: பெ\(கு\வா)

வாங்கின் முதலில் செ என்பதைக் கேட்கிறது, பிறகு பெ என்பதை. வினைக்குப் பக்கத்தில் செயப்படுபொருளும் தள்ளி எழுவாயும் நிற்பதால் இந்த வரிசை. இதைப் பெ\(செ\வி) என்று மாற்றி எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. சொல்லை இடமிருந்து வலமாகப் படித்து அதே வரிசையில் வகையையும் எழுதிவிடுகிறார்கள். வினை தன் பக்கத்திலிருந்து வெளியே நோக்கிச் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிக்கும் என்பதில் எழுவாய் என்று தேடி ஏமாறாதீர்கள். ‘மீனாவுக்கு ஜிகர்தண்டா பிடிக்கும்’ என்பதில் பிடித்திருக்கும் ஆள் கு உருபோடு நிற்கிறார். அதனால் கு என்பது வெளியே, பெ என்பது உள்ளே.

திணை, பால் பொருத்தத்துக்குப் பெ என்பதை மூன்றாக்குங்கள்: பெ₁ ஆண்பால், பெ₂ பெண்பால், பெ₃ அஃறிணை. ஆள் விகுதியின் வகை (பெ₂\வி)\(பெ₂\வா) ஆகிவிடும். ஆன் விகுதிக்குப் பெ₁. ‘மீனா பூவை வாங்கினான்’ இங்கேயே அடிபடும். எண் போடாத பெ எந்தப் பாலையும் ஏற்கும் என்று வைத்துக்கொள்வோம். ‘சின்ன’ போன்றவை எந்தப் பாலை வாங்குகிறதோ அதையே திருப்பித் தரும்.

‘பூவை வாங்கினாள்’ என்பதில் எழுவாய் தோன்றவில்லை. ஆனால் தமிழில் அது முழு வாக்கியம், ஏனென்றால் விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. அதனால் ஆள் விகுதிக்கே இரண்டாவது வகை: (பெ₂\வி)\வா. தோன்றா எழுவாயை விதியால் சமாளிக்கப் பார்க்காதீர்கள், விகுதியிடம் கொடுங்கள்.

‘மீனா பூ வாங்கினாள்’ என்பதில் உருபு இல்லாத செயப்படுபொருள். வாங்கின் என்பதற்கு இன்னொரு வகை: பெ₃\(பெ\வி). அஃறிணைக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. ‘பாண்டி மீனா பார்த்தான்’ என்று யாரும் சொல்வதில்லை.

‘மீனா டீச்சர்’ என்ற வாக்கியத்தில் வினையே இல்லை. இதற்கும் மறைந்த வினை ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டாம். டீச்சர் என்பதற்குப் பெ\வா என்று கூடுதல் வகை கொடுத்தால் முடிந்தது.

7. எண்ணிக்கைச் சோதனை, பிறகு நிரூபணம்

நிரூபணத்தில் இறங்கும் முன் ஒரு நிமிடச் சோதனை உண்டு. ஒவ்வொரு அடிப்படை வகையும் கொடுக்கும் இடத்தில் இருந்தால் கூட்டல் ஒன்று, கேட்கும் இடத்தில் இருந்தால் கழித்தல் ஒன்று. கேட்பதற்குள் கேட்பது என்றால் குறி திரும்பவும் மாறும். மொத்தத்தில் வா மட்டும் ஒன்று, மற்றதெல்லாம் பூச்சியம் என்று வர வேண்டும்.

‘மீனா பூவை வாங்கினாள்’ என்பதைப் பாருங்கள். பெ: மீனா ஒன்று, பூ ஒன்று, ஐ கழித்தல் ஒன்று, வாங்கின் கழித்தல் ஒன்று. ஆள் விகுதியில் பெ இரண்டு முறை வந்து தானே கழிந்துவிடும். மொத்தம் பூச்சியம். செ: ஐ கொடுத்ததை வாங்கின் எடுத்துக்கொண்டது. வி: வாங்கின் கொடுத்ததை ஆள் எடுத்துக்கொண்டது. மிச்சம் ஒரு வா. சரி.

‘மீனா பூவைப் பழத்தை வாங்கினாள்’ என்பதில் ஒரு செ மிஞ்சும். நிரூபணம் தேடவே வேண்டாம்.

இந்தச் சோதனை வரிசையைப் பார்ப்பதில்லை. இதில் தோற்றால் கட்டாயம் தோல்வி. தேறினால் இன்னும் ஒன்றும் உறுதியில்லை. எண்ணிக்கை சரியாக வந்தவுடனே ‘அண்ணே, வாக்கியம் வந்துருச்சு’ என்று தாளை மூடுகிறவர்கள் உண்டு. வரவில்லை.

நிரூபணத்தைக் கீழிருந்து மேலே தேடுங்கள். கீழ்வரி இது (⇒ என்பதை ‘இவற்றிலிருந்து இது கிடைக்கும்’ என்று படியுங்கள்):

பெ₂, பெ₃, பெ\செ, செ\(பெ\வி), (பெ₂\வி)\(பெ₂\வா) ⇒ வா

கடைசியில் நிற்கும் ஆள் விகுதி தன் இடப்பக்கம் பெ₂\வி கேட்கிறது. பூ, ஐ, வாங்கின் மூன்றும் சேர்ந்து அதைத் தருமா என்பது ஒரு கிளை. கிடைத்தால் மிச்சம் பெ₂, பெ₂\வா ⇒ வா, அது உடனே முடியும். முதல் கிளையில் ஐ பூவை எடுத்துச் செ ஆக்குகிறது, வாங்கின் அந்தச் செ என்பதை எடுத்துப் பெ\வி ஆகிறது. முடிந்தது.

ஒவ்வொரு படியிலும் ஒரு சாய்கோடு மறைவதால் தேடல் எல்லையில்லாமல் போகாது. இடையில் புதிதாக ஒரு வகையைக் கற்பனை செய்து நுழைக்கும் வெட்டு விதி தேவையில்லை என்று லாம்பெக் 1958-இல் நிறுவியிருக்கிறார். அதனால் கிடைத்த வகைகளின் துண்டுகளை மட்டும் பார்த்தால் போதும்.

வலப்பக்கம், அதாவது அம்புக்குறிக்குப் பின்னால், சாய்கோடு இருந்தால் அதை முதலில் பிரியுங்கள். அ\ஆ நிரூபிக்க வேண்டுமென்றால், ஓர் ‘அ’ இருப்பதாக இடது ஓரத்தில் வைத்துக்கொண்டு ‘ஆ’ நிரூபியுங்கள். இந்தப் படியை எப்போது செய்தாலும் நஷ்டம் கிடையாது. இடப்பக்க விதிகளில்தான் எதை முதலில் எடுப்பது என்ற தேர்வு இருக்கிறது. இந்த ‘இருப்பதாக வைத்துக்கொள்ளும்’ படி ஒன்பதாவது பகுதியில் பெரிய வேலை செய்யும், கையில் பழகிக்கொள்ளுங்கள்.

8. கட்டமைப்பு விதிகள்: மூன்றையும் மூடிவைக்க வேண்டிய காரணம்

சாதாரண லாஜிக்கில் மூன்று விதிகள் சத்தமில்லாமல் வேலை செய்கின்றன. தளர்வு: வேண்டாத எடுகோளைப் பயன்படுத்தாமல் விட்டுவிடலாம். சுருக்கம்: ஒரே எடுகோளை இரண்டு முறை பயன்படுத்தலாம். பரிமாற்றம்: எடுகோள்களின் வரிசையை மாற்றலாம். வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் டவுன் பஸ் டிக்கெட் மாதிரி. ஒரு பயணம், ஒரே முறை.

தளர்வைத் திறந்தால் ‘மீனா பூவைப் பழத்தை வாங்கினாள்’ தேறிவிடும், பழம் காணாமல் போகும். இதில் ஒரு விசித்திரமான குழப்பம் அடிக்கடி வருகிறது: தோன்றா எழுவாய்க்குத் தளர்வு உதவும் என்று நினைக்கிறார்கள். உதவாது. தளர்வு அதிகமாக இருப்பதைத் தூக்கிப்போடும், இல்லாததைக் கொண்டுவராது. தோன்றா எழுவாய்க்கு விகுதியில் வகை எழுதியது அதற்காகத்தான்.

சுருக்கத்தைத் திறக்கத் தூண்டுவது வினையெச்சம். ‘மீனா பூவை வாங்கி வீட்டுக்குப் போனாள்’ என்பதில் வாங்கியவளும் மீனா, போனவளும் மீனா. ஒரு மீனா இரண்டு முறை பயன்படுகிறாளே? அதற்கு வேறு இடத்தில் விடை இருக்கிறது, பதினோராவது பகுதி.

பரிமாற்றத்தைத் திறந்தால் என்ன ஆகும் என்பதை ‘மீனாவைப் பூ வாங்கினாள்’ காட்டும். மீனா, ஐ, பூ, வாங்கின், ஆள் என்ற ஐந்து துண்டும் ‘பூவை மீனா வாங்கினாள்’ என்பதிலும் அதே ஐந்துதான். வரிசை முக்கியமில்லை என்றால் இரண்டும் ஒரே மூட்டை. உருபு மீனாவை விட்டுப் பூவிடம் ஓடிவிடும், தவறான வாக்கியம் சரியான பொருளோடு தேறும். தவிர, பரிமாற்றம் வந்தவுடன் இரண்டு சாய்கோட்டுக்கும் வித்தியாசமே இல்லாமல் போகிறது. அ\ஆ என்று எழுதினாலும் ஆ/அ என்று எழுதினாலும் ஒன்றுதான். ஐந்தாவது படியில் பட்ட பாடு வீண்.

மூன்றையும் மூடிவைத்தால் ‘பூவை மீனா வாங்கினாள்’ தேறாது. வாங்கின் தன் பக்கத்தில் செ கேட்கிறது, அங்கே மீனா நிற்கிறாள். வாங்கின் என்பதற்குப் பெ\(செ\வி) என்று இன்னொரு வகையும், ஆள் விகுதிக்கு அதற்கேற்ற (பெ₂\(செ\வி))\(பெ₂\(செ\வா)) என்ற வகையும் சேர்த்தால் இந்த வாக்கியம் தேறும். கொடு போன்ற வினைக்கு வந்தால் மூன்று பங்காளிகள் (கொடுப்பவர், பொருள், பெறுபவர்), ஆறு வரிசை, ஆறு வகை. எல்லா வினைக்கும் இப்படி எழுதினால் அகராதி பெருத்துவிடும். அதைவிட மோசம், ஏன் இடம் மாறுகிறது என்ற காரணம் எங்கேயும் பதிவாகாது.

9. நகர்வு முத்திரை

வழி இதுதான். இடம் மாற உரிமை உள்ள வகைக்கு மேல் ஒரு முத்திரை: செ°, கு°. அதற்கு இரண்டே விதி.

ஒன்று, முத்திரை உள்ள வகை பக்கத்தில் இருப்பதைத் தாண்டி இடம் மாறலாம்.
இரண்டு, முத்திரையை எந்த நேரமும் கழற்றலாம். கழற்றிய பிறகு நகர முடியாது.

அகராதியில் மாறுவது இரண்டு வரிதான். ஐ: பெ\செ°. உக்கு: பெ\கு°. வினைகள் எதையும் தொட வேண்டாம்.

‘பூவை மீனா வாங்கினாள்’: பூவும் ஐயும் சேர்ந்து செ°. அது மீனாவைத் தாண்டி வாங்கின் பக்கத்தில் வந்து முத்திரையைக் கழற்றுகிறது. மிச்சம் பழைய நிரூபணம். ‘மீனாவைப் பூ வாங்கினாள்’: ஐ மீனாவைத்தான் எடுக்க முடியும், ஏனென்றால் உருபுக்கோ வெறும் பெயருக்கோ முத்திரை இல்லை. அப்போது பூ எழுவாய் ஆக வேண்டும். ஆள் விகுதி பெ₂ கேட்கிறது, பூ பெ₃. அடிபடுகிறது.

‘ஜிகர்தண்டா மீனாவுக்குப் பிடிக்கும்’ என்பதும் தானாக வருகிறது. உருபில்லாத ஜிகர்தண்டா அசையவே இல்லை, மீனாவுக்கு என்பதுதான் அதைத் தாண்டிப் போகிறது. வெறும் பெயர் தன் இடத்தில் நிற்க, உருபேற்றவை அதைச் சுற்றி நகர்வதால்தான் தமிழ் வரிசை இவ்வளவு தாராளமாகத் தெரிகிறது. ‘பூ மீனா வாங்கினாள்’ தேறாது, அதற்கு முத்திரை இல்லை. சந்தேகப் பத்தியில் வைத்தோமே, அந்த அழுத்தத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அதை இந்த அகராதியில் நுழைக்காதீர்கள்.

தேடும்போது ஒரு ஒழுங்கு: முதலில் உருபுகள் எல்லாம் தங்கள் பெயரை எடுத்து முடிக்கட்டும், பிறகு நகர்த்துங்கள். முன்னாலேயே நகர்த்தப் பார்த்தால் முத்திரை இன்னும் உருபின் வகைக்குள் இருக்கும், நகர்த்த ஒன்றும் இருக்காது.

இனி பெயரெச்சம். ‘பூவை வாங்கிய மீனா’ என்பதில் எழுவாய் இடம் காலி. அ விகுதிக்கு (பெ\வி)\(பெ/பெ) கொடுத்தால் வந்துவிடும். ‘மீனா வாங்கிய பூ’ என்பதில் செயப்படுபொருள் இடம் காலி, அதுவும் நடுவில். லாம்பெக் முறையில் ‘இருப்பதாக வைத்துக்கொள்ளும்’ பொருளை ஓரத்தில்தான் வைக்க முடியும், நடுவில் வைக்க முடியாது. இங்கேதான் பலர் புது விதி கண்டுபிடிக்கப் புறப்படுகிறார்கள்.

தேவையில்லை. அ விகுதிக்கு இரண்டாவது வகை: (செ°\வி)\(பெ/பெ). மீனா, வாங்கின் இரண்டும் சேர்ந்து செ°\வி தருமா? இடது ஓரத்தில் ஒரு செ° வைத்துக்கொள்ளுங்கள். அது மீனாவைத் தாண்டி உள்ளே வருகிறது, முத்திரை கழறுகிறது, வாங்கின் எடுத்துக்கொள்கிறது. பூவை முன்னால் வந்த அதே உரிமைதான் பெயரெச்சத்தின் நடுப்பள்ளத்தையும் நிரப்புகிறது. ஒரு முத்திரை இரண்டு வேலை செய்வதால்தான், அகராதியில் வகை கூட்டும் வழியைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

விகுதி சேராத வினைத்தொடருக்கு வி என்ற தனி வகை வைத்த பலனும் இங்கே தெரியும். வாங்கிய என்பது ஆண், பெண், அஃறிணை எதையும் காட்டாது. வாங்கின் நேராக வா தந்திருந்தால் பால் பொருத்தம் பெயரெச்சத்துக்குள்ளும் நுழைந்து ‘வாங்கிய பாண்டி’ அடிபட்டிருக்கும்.

10. முத்திரை எங்கே நுழையக் கூடாது

‘சின்னப் பூவைப் பெண் வாங்கினாள்’ என்பதை எடுங்கள். வாக்கியம் சரிதான், சின்னது பூ. ஆனால் நம் விதிப்படி பூவை என்பது பெண்ணைத் தாண்டிப் போகலாம். போனால் சின்ன என்பதும் பெண் என்பதும் பக்கத்தில் வந்து, சின்னப் பெண் வாங்கினாள் என்ற பொருளும் கிடைத்துவிடும். எந்தத் தமிழருக்கும் அப்படிப் புரியாது.

‘தேறுமா, தேறாதா’ என்று மட்டும் சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படாது. எத்தனை பொருளில் தேறுகிறது என்றும் எண்ணுங்கள்.

தீர்வு, ஒட்டுதலை இரண்டு வகையாகப் பிரிப்பது. வாக்கியத்தின் பங்காளிகள் சேர்வது தளர்ந்த ஒட்டு. பெயரடையும் பெயரும், பெயரும் உருபும் சேர்வது இறுகிய ஒட்டு, அதன் சாய்கோட்டுக்கு ஒரு புள்ளி வையுங்கள்: சின்ன பெ/.பெ, ஐ பெ.\செ°. பெயரெச்ச விகுதி தரும் பெ/பெ என்பதும் பெ/.பெ ஆகும். இறுகிய ஒட்டுக்கு அடைப்புக்குறி கட்டாயம். சேர்ப்புப் பண்பு, அதாவது அடைப்புக்குறியை இடம் மாற்றும் உரிமை, கிடையாது, முத்திரை அதற்குள் நுழையவும் முடியாது, வெளியேறவும் முடியாது. சேர்ப்புப் பண்பே இல்லாத முறையை லாம்பெக் 1961-இல் தனியாக எழுதினார். நாம் அதைப் பெயர்த்தொடருக்குள் மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

எல்லா ஒட்டையும் இறுக்கிவிடாதீர்கள். வினைப் பங்காளிகளுக்கும் புள்ளி வைத்தால் ஒன்பதாவது பகுதி முழுவதும் நின்றுபோகும்.

11. பொருள் எழுதுதல்

ஒவ்வொரு நிரூபணமும் ஒரு லாம்டா கோவை, அதாவது சார்புகளையும் மாறிகளையும் கொண்டு பொருளை எழுதும் குறியீடு. கேட்டதைக் கொடுக்கும் படி, சார்பைப் பயன்படுத்துவது. ‘இருப்பதாக வைத்துக்கொண்ட’ படி, மாறியைக் கட்டுவது. நிரூபணம் எந்த எடுகோளையும் நகல் எடுக்காததால், அதில் கட்டப்படும் ஒவ்வொரு மாறியும் ஒரே ஒருமுறைதான் வரும்.

ஆனால் அகராதியில் ஒரு சொல்லுக்கு நீங்கள் எழுதும் பொருளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. வினையெச்சத்துக்கு விடை இங்கே. வாங்கி என்பதன் வகை:

செ\((பெ\வி)/(பெ\வி))

அதன் பொருளில் ‘ஒரு பூ, ஒரு செயல், ஓர் ஆள் கொடு, அந்த ஆள் பூவை வாங்கினார், பிறகு அதே ஆள் அந்தச் செயலைச் செய்தார்’ என்று எழுதிவிடுங்கள். ஆள் இரண்டு முறை வருவது சொல்லின் பொருளுக்குள். நிரூபணத்தில் மீனா ஒரு முறைதான். சுருக்க விதி மூடியே இருக்கிறது.

வி என்பதற்குப் பதில் வா எழுதினால் ‘வாங்கி வீட்டுக்குப் போனாள்’ வரை ஒழுங்காகப் போகும், ‘வாங்கி வீட்டுக்குப் போன பெண்’ என்று வந்தவுடன் உடையும். ‘பூவை வாங்கித் தொடுத்தாள்’ என்பதில் பூவும் பொது. அதற்கு (செ\(பெ\வி))/(செ\(பெ\வி)) என்று இன்னொரு வகை, பொருளில் பூவும் இரண்டு முறை.

12. நிரலுக்குப் போவது

கையால் உங்கள் பட்டியல் முழுவதும் ஒருமுறை முடிந்த பிறகு புரோலாக் என்ற நிரல் மொழியில் எழுதலாம். எண்ணிக்கைச் சோதனையை முதலில் வையுங்கள். தோன்றா எழுவாய், உருபில்லாச் செயப்படுபொருள் என்று ஒரு துண்டுக்கு இரண்டு மூன்று வகை வந்துவிட்டதால் கூட்டுகள் பெருகும். அவற்றில் பெரும்பாலானவற்றை அந்தச் சோதனையே வடிகட்டும். நீண்ட வாக்கியத்துக்கு நிரல் திணறினால் நிரலை மட்டும் திட்ட வேண்டாம். லாம்பெக் முறையில் நிரூபணம் உண்டா என்று முடிவெடுப்பதே என்.பி. முழுமை வகைச் சிக்கல், அதாவது எப்போதும் வேகமாக முடிக்கும் வழி எதுவும் தெரியாத வகை, என்று கணிதவியலாளர் பென்டஸ் 2006-இல் காட்டியிருக்கிறார்.

ஒரே பொருளுக்குப் பல நிரூபணம் அச்சாகும். அவற்றைத் தனித்தனிப் பொருளாக எண்ணாதீர்கள். லாம்டா கோவையைச் சுருக்கி, ஒன்றாக வருவதை ஒன்றாக்குங்கள்.

‘என்று’ என்ற சொல் வரும் வாக்கியங்களைக் கடைசியில் சேருங்கள். ‘என்று’ சேர்ந்த வாக்கியத்துக்குக் கூ என ஓர் அடிப்படை வகை, ‘என்று’: வா\கூ, சொன்: கூ\(பெ\வி). சேர்த்தவுடன் ‘பூவைப் பாண்டி மீனா வாங்கினாள் என்று சொன்னான்’ என்பதும் தேறும், முத்திரை உள்வாக்கியத்திலிருந்து வெளியே வந்துவிடுகிறது. எங்கள் மேசையில் இதைச் சரி என்பவர்களும் உண்டு, முகம் சுளிப்பவர்களும் உண்டு. சுளிப்பவர் ‘என்று’ என்பதன் சாய்கோட்டுக்குப் புள்ளி வைத்து வா.\கூ என்று எழுதிக்கொள்ளலாம், உள்வாக்கியம் அடைபட்டுவிடும். வாக்கியத்தைச் சந்தேகப் பத்தியில் வைத்து, இரண்டு அகராதியையும் தனித்தனிக் கோப்பாகச் சேமியுங்கள்.